'ஃபிங்கர் ஃபுட்': விரலுணவா, பிடியுணவா?

குழுவினருக்கு வணக்கம். குழந்தைக்குத் திட உணவு தொடங்குவது பற்றிய நம் கையேட்டின் கலைச்சொல் பட்டியலில் இந்த இரண்டு சொற்களும் இப்படி இருக்கின்றன. 'ஃபிங்கர் ஃபுட்' என்பது குழந்தை தானே கையில் எடுத்துத் தின்னும்படி கொடுக்கும் உணவு. 'பேபி லெட் வீனிங்' என்பது நாம் ஊட்டாமல், குழந்தையே எடுத்து உண்ணப் பழகும் முறை.

> ஃபிங்கர் ஃபுட் = விரலுணவு
> பேபி லெட் வீனிங் = குழந்தைவழிப் பால்மறத்தல்

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், சிக்கல் அதில்தான் பெரிது. இங்கே 'வீனிங்' பிரிட்டிஷ் வழக்கு. பாலோடு திட உணவையும் சேர்க்கத் தொடங்குவது என்று பொருள். தமிழில் பால்மறக்கடித்தல் என்றால் தாய்ப்பாலையே நிறுத்துவது. 6 மாதம் முடிந்ததும் இணை உணவு தொடங்கி, 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 6 மாதக் குழந்தையின் தாய் படிக்கும் கையேட்டில் 'பால்மறத்தல்' என்று நாம் எழுதவே கூடாது. 'தானுண்ணல்' போதும். ஊட்டுவதற்கு எதிர்ச்சொல்லாக நிற்கிறது, யார் கை வேலை செய்கிறது என்பதும் விளங்கிவிடுகிறது.

'விரலுணவு' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வயதில் குழந்தைக்கு விரலால் எடுக்க வராது. வேகவைத்த கேரட் துண்டு ஒன்றை எதிரே வைத்தால் மொத்தக் கையாலும் அள்ளி இறுக்கும். முஷ்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைத்தான் வாயில் வைக்கும். உள்ளங்கைக்குள் மாட்டிக்கொண்டதை வெளியே எடுக்கத் தெரியாது. அதனால்தான் பெரியவர் விரல் நீளத்துக்கு நறுக்கி, லேசாக அழுத்தினாலே நசுங்கும் பதத்தில் வேகவைத்துக் கொடுக்கிறோம். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுப்பது 9 மாத வாக்கில்தான் கைகூடும். 'விரலுணவு' என்று படிப்பவர் முதல் நாளே பொடிப்பொடியாக நறுக்கி வைத்துவிடுவார். 'பிடியுணவு' என்றால் இரண்டு பருவத்துக்கும் பொருந்தும்: முதலில் கைப்பிடி, அப்புறம் கிள்ளுப்பிடி. 'ஒரு பிடி' அளவையும் குறிக்குமே என்பீர்கள். சரிதான், ஆனால் 'உணவு' பின்னால் ஒட்டிவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

இதைவிட அவசரமான ஒன்று. 'கேகிங்' (குமட்டி உணவை வெளியே தள்ளுவது), 'சோக்கிங்' (உணவு மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்வது) இரண்டுக்குமே பட்டியலில் 'புரையேறுதல்' என்று இருக்கிறது. முன்னதை 'ஓங்கரிப்பு' என்றும் பின்னதை 'மூச்சடைப்பு' என்றும் பிரித்தே ஆகவேண்டும். ஓங்கரிக்கும் குழந்தை இருமும், சத்தம் போடும், முகம் சிவக்கும். பெரும்பாலும் துண்டைத் தானே முன்னே தள்ளிவிடும். மூச்சடைத்த குழந்தைக்குச் சத்தமே எழாமல் போகலாம், உடனே முதலுதவி வேண்டும். முழுத் திராட்சையையும் முழுக் கொட்டைகளையும் பச்சைக் கேரட்டையும் விலக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மூச்சடைப்புக்கு இன்னும் கூர்மையான சொல் இருந்தால் எழுதுங்கள். ஓங்கரிப்பை மட்டும் மாற்ற வேண்டாம், அது பாட்டிமார் வாயிலேயே இருக்கும் சொல்.