டைப்-சி போன்ல பாட்டு கேக்க எந்த மாதிரி இயர்போன்?

டவுன்காரன்: அண்ணாச்சிமாரே, போன்ல 3.5 மி.மீ. ஓட்டை கிடையாது. நாதஸ்வரம், தவில், வில்லுப்பாட்டு தெளிவா கேக்கணும். வயர் இயர்போன்தான் வேணும், 2,000 ரூவாக்குள்ள. எதப் பாத்து வாங்கணும்?

பாளை: முதல்ல, டைப்-சியில சொருகி 3.5 மி.மீ. இயர்போன மாட்டுத கன்வெர்ட்டரப் பாருங்க. உள்ள டிஏசி சிப், அதாவது போனோட டிஜிட்டல் சிக்னல இயர்போனுக்கு ஏத்த அனலாக் சிக்னலா மாத்துத சிப், இருக்கணும். சிலதுல வெறும் வயர்தான் இருக்கும். போன் டைப்-சி வழியா அனலாக் சிக்னல் அனுப்பலன்னா அதுல ஒண்ணும் கேக்காது. இயர்போன் மின்தடை (இம்பீடன்ஸ்) 16லேர்ந்து 32 ஓம், சென்சிட்டிவிட்டி (எவ்வளவு சத்தமா ஒலிக்கும்ங்கத காட்டுத அளவு) 100 டெசிபலுக்கு மேல இருந்தா போதும். டிரைவர், அதாவது உள்ள சத்தம் எழுப்புத குட்டி ஸ்பீக்கர், எத்தனைங்கத நம்பிராதீங்க. ஒழுங்கா ட்யூன் பண்ணுன ஒத்த டைனமிக் டிரைவரே அருமையா பாடும்.

தென்காசி: தவில்ல தொப்பிச் சத்தம் (கனத்த பக்கத்துச் சத்தம்) மெலிஞ்சு கேட்டா, இயர்போனக் குறை சொல்லுததுக்கு முந்தி காதுக்குள்ள போற ரப்பர் டிப்ப மாத்துங்க. காதுல இடைவெளி விழுந்தா பேஸ் வெளிய போயிரும். எஸ், எம், எல் மூணையும் போட்டுப் பாக்கணும். ரெண்டு காதுக்கும் ஒரே அளவு சேரணும்னு இல்ல. காத லேசா மேல இழுத்துக்கிட்டுச் சொருகுங்க. நாதஸ்வரம் காதுல குத்துச்சுன்னா ஈக்வலைசர்ல (ஒலிய ஏத்தி இறக்குத செட்டிங்) 3லேர்ந்து 6 கிலோஹெர்ட்ஸ்ல 2 டெசிபல் குறைச்சாப் போதும்.

டவுன்காரன்: ரொம்ப நன்றி. வயர் அத்துப்போனா?

பாளை: வயரக் கழட்டி மாட்டுத 0.78 மி.மீ. டூ-பின் (ரெண்டு ஊசி) மாடலா வாங்குங்க, வயர மட்டும் மாத்திக்கிடலாம். ஒரு பக்கம் சத்தம் கம்மியானா வயர்தான்னு நினைக்காண்டாம். இயர்போன் மூக்குல (டிப் மாட்டுத முனையில) உள்ள வலையில காதழுக்கு அடைச்சிருக்கும். காஞ்ச மெல்லிய பிரஷ்ஷால, வலை கீழ பாக்க வச்சு துடைங்க.