கதிரை ராட்டினம் ஆட்கள் ஏறினால் பயங்கரமாக ஆடுகிறது – அவசர உதவி தேவை

வடமராட்சிப்பொடியன்
எல்லாருக்கும் வணக்கம். நாங்களே செய்த கதிரை ராட்டினம் (சங்கிலியில் கதிரைகள் தொங்கிச் சுற்றுவது) சுற்றும்போது கடுமையாக ஆடுகிறது. உள்ளே கடகடவென்று சத்தமும் வருகிறது. வெறுமனே ஓட்டினால் ஆட்டம் குறைவு, சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. பெயரிங் மாற்றிப் பார்த்தோம், போல்ட் எல்லாம் இறுக்கினோம், சரிவரவில்லை. திருவிழாவுக்கு முன்னம் முடிக்க வேணும். என்ன காரணமாக இருக்கும்? தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கோ.

கோண்டாவில் ஒட்டுவேலை
தம்பி, எத்தனை கதிரை? கை எத்தனை அடி? நடுவிலே என்ன அச்சு? மோட்டர் எது? நிற்பது மண்ணிலா கொங்கிறீட்டிலா? "ஆடுகிறது" என்றால் தூண் ஆடுகிறதா, கை ஆடுகிறதா? ஒரு படமாவது போட்டால்தானே பார்த்துச் சொல்லலாம்.

மூன்று பேஸ்
முதலில் கரண்டைப் பாருங்கோ. கோயில்களில் ஒரே வயரில் லைட்டும் ஸ்பீக்கரும் ஐஸ்கிறீம் வண்டியும் தொங்கும். வோல்ட் இறங்கினால் மோட்டர் திணறும், மூன்று பேஸில் ஒன்று போனால் அதிரும். ஆட்கள் ஏறினால் ஆட்டம் கூடுவதற்கும் அதுதான் காரணம். மீட்டர் பிடித்து அளந்துவிட்டுச் சொல்லுங்கோ.

மணற்காட்டான்
வடமராட்சி என்கிறீர்கள், கடற்கரைப் பக்கமா? அங்கே ஒரு அடி தோண்டினால் மணல். அடித்தளம் போதாது. என் அனுபவத்தில் சுற்றுகிற எந்தப் பொருளுக்கும் பாதி வருத்தம் தரைக்குக் கீழேதான். நாலடி தோண்டி, கம்பி கட்டி, கொங்கிறீட் போட்டு, இரண்டு கிழமை விடுங்கோ.

வடமராட்சிப்பொடியன்
இரண்டு கிழமை இல்லை அண்ணை. 8 கதிரை. கை 8 அடி, சங்கிலி 7 அடி. பழைய லொறி பின் அச்சை நிமிர்த்தி வைத்திருக்கிறோம். மேல் ஹப்பில் (சில்லு பூட்டுகிற இடம்) 6 அங்குலக் குழாய்த் தூண், கை இருப்பது 12 அடி உயரத்தில். தரை கொங்கிறீட். கரண்ட் பிரச்சினை இல்லை, ஜெனரேட்டரில் ஓடுகிறது.

கொக்குவில் லேத்
பின் அச்சு எந்த வகை? அரை அச்சை, அதாவது நடுவில் இருந்து ஒரு சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டை, உருவி எடுத்தாலும் சில்லு வண்டியிலேயே நிற்கிற வகையா, இல்லை அரை அச்சே சில்லைத் தாங்குகிற வகையா? பின்னதாக இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கோ. சின்ன வான்களில் அப்படித்தான் வரும். அந்த ஒரு அச்சு முறிந்தால் தூண், கை, பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து சரியும். இந்தக் கேள்விக்கு விடை வராமல் மற்றதைக் கதைக்கக்கூடாது.

வடமராட்சிப்பொடியன்
உருவினாலும் நிற்கிற வகை. பெரிய லொறியினுடையது.

பழைய வரைபடம்
இங்கே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், வேகம், எடை, அளவு மூன்றும் இல்லாமல் இயந்திரவியல் கேள்வி கேட்கக்கூடாது. பெயரிங்கை மாற்றுவது, போல்ட்டை இறுக்குவது எல்லாம் கராஜ் வைத்தியம். நிமிடத்துக்கு எத்தனை சுற்று? கதிரை செங்குத்திலிருந்து எவ்வளவு விரிகிறது? இந்த இரண்டையும் சொன்னால் மிச்சத்தை நான் சொல்கிறேன்.

வடமராட்சிப்பொடியன்
8 சுற்று ஐயா. கணக்குப் பார்த்துத்தான் செய்தோம். மோட்டர் நிமிடத்துக்கு 1440 சுற்று, பெல்ட்டில் நாலில் ஒன்று, ரிடக்ஷன் கியர்பொக்ஸில் ஏழரையில் ஒன்று, டிப்ரன்சலில் (லொறி அச்சின் நடுவிலே இருக்கிற பற்சில்லுத் தொகுதி) ஆறில் ஒன்று. கதிரை நல்லா விரியும், பாதிக்குக் கொஞ்சம் மேலே. வெறுங்கதிரையும் கிட்டத்தட்ட அப்படித்தான். சனத்துக்கு அது பிடிக்கும்.

பழைய வரைபடம்
பாதி என்றால் 45 பாகை. அப்படியானால் 8 சுற்று என்பது பிழை. உயர்தர இணைந்த கணிதத்தில் கூம்பு ஊசல் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். விரியும் கோணத்தின் தான்சன் (tan), கோண வேகத்தின் வர்க்கத்தைச் சுற்றும் ஆரையால் பெருக்கி, ஈர்ப்பு முடுக்கத்தால் பிரித்தால் வருவது. உங்கள் 8 அடிக் கைக்கும் 7 அடிச் சங்கிலிக்கும் 8 சுற்றில் வருவது வெறும் 12 பாகை. 10 சுற்றில் 19, 12 சுற்றில் 29, 16 சுற்றில் 49. நீங்கள் சொல்கிற விரிவுக்கு 15, 16 சுற்றாவது ஓட வேண்டும். எண்ணிப் பார்க்காமல் எழுதுகிறீர்கள்.

மூன்று பேஸ்
வெறுங்கதிரையை வைத்துக் கோணம் சொல்ல ஏலாது ஐயா. பாரம் கூடினால் வீச்சும் கூடும். பெரிய ஆள் இருக்கிற கதிரை கூட வெளியே போவதை நானே கண்டிருக்கிறேன். வெறுங்கதிரை அந்தளவு விரிகிறது என்றால் ஆள் ஏறினால் எங்கே போகும்?

பழைய வரைபடம்
பாரம் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். வெளியே தள்ளுவதும் எடையோடு கூடுகிறது, கீழே இழுப்பதும் அதே அளவு கூடுகிறது. 30 கிலோ பிள்ளையும் 80 கிலோ தகப்பனும் ஒரே கோணத்தில்தான் பறப்பார்கள். அந்த வாய்ப்பாட்டில் எடைக்கு இடமே இல்லை.

மூன்று பேஸ்
வாய்ப்பாடு கடதாசியில் சரி. நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

கோண்டாவில் ஒட்டுவேலை
கண்ணால் கண்டதும் முழுப்பொய் இல்லை. கதிரையில் ஆள் இருந்தால் பாரத்தின் நடு சங்கிலியின் நுனியை விட்டுக் கொஞ்சம் இடம் மாறும், காலை நீட்டினால் இன்னும் மாறும். வெறுங்கதிரையைக் காற்றும் பிடிக்கும். அதனால் சின்ன வித்தியாசம் தெரியும். எடை வித்தியாசத்தால் இல்லை.

மூன்று பேஸ்
அப்போ வித்தியாசம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

மணற்காட்டான்
இரண்டு பேரும் இதை வேறு இழையில் கதையுங்கோ. தம்பிக்குத் திருவிழா வருகிறது. நான் இன்னும் அடித்தளம் என்றுதான் சொல்வேன்.

கொக்குவில் லேத்
வரைபடம் ஐயாவின் கணக்குச் சரி. இரட்டிப்பு எங்கிருந்து வந்தது என்றும் எனக்கு விளங்குகிறது. தம்பி, கீழ் ஹப்பை என்ன செய்திருக்கிறீர்கள்? சுழலாமல் பூட்டியிருக்கிறீர்களா?

வடமராட்சிப்பொடியன்
ஓம் அக்கா, கீழ் ஹப்பை அடித்தகட்டில் போல்ட் போட்டிருக்கிறோம். அச்சு வீட்டையும் (அச்சை மூடியிருக்கிற கூடு) இரும்புச் சட்டத்தோடு வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறோம். ஆடக்கூடாது என்றுதான்.

கொக்குவில் லேத்
அதுதான் காரணம். கேளுங்கோ.

டிப்ரன்சலின் பெரிய பற்சில்லு ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு அரை அச்சுக்கும் சேர்த்து இரண்டு சுற்றுப் போக வேண்டும். வண்டி நேரே ஓடும்போது ஆளுக்கு ஒன்று. வளைவில் ஒன்று குறைந்தால் மற்றது அந்தளவு கூடும். சேற்றில் ஒரு சில்லு நின்றால் மற்றது இரண்டு மடங்கில் சுழல்வதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். உங்கள் கீழ்ச் சில்லை நீங்களே நிரந்தரமாக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். பெரிய பற்சில்லு 8 சுற்று, மேல் ஹப் 16 சுற்று.

சத்தத்துக்கும் இதுவே காரணம். உள்ளே இருக்கிற சின்னப் பற்சில்லுகள் வளைவில் கொஞ்ச நேரம் உருளுவதற்காகச் செய்தவை. அவற்றுக்குப் பெயரிங் இல்லை, வாஷரில் தேய்ந்து ஓடும். உங்கள் ராட்டினத்தில் அவை ஓடுகிற நேரம் முழுக்கப் பாரத்தோடு உருளுகின்றன. அதோடு அச்சை நிமிர்த்தினால் ஒயில் எல்லாம் கீழே இறங்கிவிடும், மேலே இருக்கிற பெயரிங் காயும். கீழ்ச் சீலில் ஒயில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கோ.

வேகம் இரண்டு மடங்கானால் வெளியே இழுக்கிற விசை நாலு மடங்கு. கதிரை விரிந்து ஆரையும் கூடுவதால் உங்களுடையதில் ஐந்தரை மடங்கு.

முதலில் கையால் எண்ணுங்கோ. ஒரு கதிரைக்குச் சிவப்புத் துணி கட்டி, போனில் ஒரு நிமிடம் பிடித்தால் போதும்.

பழைய வரைபடம்
நான் சொன்ன 16 வந்துவிட்டது. இனி ஆட்டத்தின் கணக்கு. ஒரு பக்கம் 120 கிலோ கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். ராட்டினத்தில் அது எப்போதும் நடக்கும், சனம் சமமாக ஏறாது. நின்ற நிலையில் தூணைச் சரிக்கும் திருப்பம் 120 தர 8, அதாவது 960 கிலோ-அடி. 16 சுற்றில் இதே பாரம் கிடையாக 140 கிலோ அளவில் இழுக்கும். 12 அடி உயரத்துக்கு அது 1680. மொத்தம் 2640. 8 சுற்றிலோ கிடை இழுப்பு வெறும் 25 கிலோ, மொத்தம் 1260. அந்த 2640 ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் திசைக்கும் திரும்பும். தூண் ஆடாமல் என்ன செய்யும்?

கோண்டாவில் ஒட்டுவேலை
அதைவிட எனக்குப் பயம் ஹப் பெயரிங்கிலும் ஒட்டுகளிலும். லொறி ஹப்பில் இரண்டு பெயரிங்குக்கும் இடைவெளி ஏறக்குறைய அரை அடி. ஹப் 4 அடி உயரத்தில் என்று வைத்தால், அதற்கு மேல் வரும் திருப்பம் 16 சுற்றில் 2080. அரை அடியில் அதைத் தாங்க ஒவ்வொரு பெயரிங்குக்கும் 4 டன்னுக்கு மேல் பக்கப்பாரம். 8 சுற்றிலும் 2 டன் தாண்டும். பெயரிங் எத்தனை மாற்றினாலும் கெதியாகப் போகும்.

தூணைச் சுற்றி நாலு கால் சட்டம் போட்டு, 8 அடி உயரத்தில் இன்னொரு பெயரிங் வளையம் வையுங்கோ. இடைவெளி அரை அடியில் இருந்து 4 அடிக்குப் போனால் பெயரிங் பாரம் எட்டில் ஒன்றுக்கு இறங்கும், ஆட்டமும் அடங்கும்.

கையும் தூணும் சேருகிற ஒட்டு எப்படி இருக்கிறது? பெயின்ட் மெல்லிய கோடாக வெடித்திருக்கிறதா?

வடமராட்சிப்பொடியன்
இரண்டு கையில் கோடு இருக்கிறது. பெயின்ட் வெடிப்பு என்று விட்டோம்.

கோண்டாவில் ஒட்டுவேலை
விடக்கூடாது. பெயின்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் பூசி, கொஞ்ச நேரம் ஊற விட்டு நன்றாகத் துடையுங்கோ. பிறகு சோக்குத் தூளைப் பூசினால், வெடிப்பு இருக்கிற இடத்தில் மண்ணெண்ணெய் திரும்ப ஊறிக் கோடு விழும். வெடிப்பு உறுதியானால் மேலால் ஒட்டு வைத்து மறைக்க வேண்டாம். முழுக்கக் கிறைண்ட் பண்ணி எடுத்து, புதிதாக ஒட்டி, முக்கோணத் தகடும் கொடுங்கோ.

மணற்காட்டான்
இன்னொன்று. உங்கள் கைகள் குழாய்தானே? கடற்காற்றில் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். 2017 யூலையில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலக் கண்காட்சியில் ஊசல்போல் வீசிச் சுழலும் ராட்டினம் ஒன்றின் கை ஓடிக்கொண்டிருக்கும்போதே முறிந்து 18 வயதுப் பொடியன் ஒருவன் இறந்தான், வேறு ஏழு பேர் காயப்பட்டார்கள். கையின் உட்பக்கம் துரு அரித்துச் சுவர் மெலிந்து போனதுதான் காரணம் என்று அதைச் செய்த கம்பனியே பிறகு சொன்னது. அந்த ராட்டினத்துக்கும் 18 வயது. குழாய் நுனிகளை மூடி ஒட்டுங்கோ, தண்ணீர் உள்ளே தங்க விடாதீர்கள். சுத்தியலால் தட்டிச் சத்தம் மாறுகிற இடத்தைப் பாருங்கோ. இதை அடித்தளத்தைவிடப் பெரிய விசயமாக எடுங்கோ.

வடமராட்சிப்பொடியன்
எண்ணினோம். 16. டிப்ரன்சல் உள்ளே ஒட்டு வைத்துப் பூட்டினால் சரியா?

கொக்குவில் லேத்
கீழ் அரை அச்சைக் கழற்றாமல் பூட்டவே வேண்டாம். ஒரு பக்கம் நின்றபடி உள்ளே பூட்டினால் முழுவதும் இறுகும், பெல்ட் வழுக்கும் அல்லது மோட்டர் எரியும். அச்சை மட்டும் கழற்றி, உள்ளே பூட்டாமல் விட்டால் ராட்டினம் சுற்றவே சுற்றாது. இரண்டும் சேர்ந்து வேண்டும்.

ஆனால் பற்சில்லின் மேல் ஒட்டு வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கடினமாக்கிய இரும்பு, ஒட்டினால் வெடிக்கும். சின்னப் பற்சில்லுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு திண்ம இரும்புக் கட்டை கடைந்து போடலாம். லேத்தில் ஒரு நாள் வேலை. எப்படிச் செய்தாலும் பிரேக் மேல் ஹப்பின் ட்ரம்மிலேயே இருக்க வேண்டும். மோட்டர்ப் பக்கம் வைத்தால், உள்ளே ஏதும் முறிகிற அன்றைக்கு ராட்டினத்தை நிறுத்த வழி இல்லை.

மூன்று பேஸ்
பெல்ட் கப்பியை மட்டும் மாற்றி வேகத்தைப் பாதியாக்கினால் போதாதா? செலவும் குறைவு.

கொக்குவில் லேத்
ஆட்டம் குறையும். சின்னப் பற்சில்லுகள் தொடர்ந்து தேயும், சத்தம் நிற்காது. பிள்ளைகள் ஏறுகிற பொருளில் அரைவாசித் திருத்தம் வேண்டாம்.

பழைய வரைபடம்
வேலியையும் பார்க்க வேண்டும். 16 சுற்றில் கதிரை மையத்திலிருந்து 13 அடிக்கு மேல் போகும், அதற்கு வெளியே பிள்ளையின் கால். கையும் சங்கிலியும் ஒரே நேர்கோட்டில் நீண்டால் 15 அடி. வேலி அதற்கும் வெளியே இருக்க வேண்டும், வேகத்தைக் குறைத்த பிறகும்கூட. 16 சுற்றில் சங்கிலி இழுப்பும் ஆளின் எடையில் ஒன்றரை மடங்கு. அந்த வேகத்தில் ஓடிய சங்கிலியையும் கொளுக்கியையும் திரும்பப் பாவிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வடமராட்சிப்பொடியன்
கீழ் அச்சு கழற்றியாச்சு. கட்டை கடைய லேத்துக்குக் குடுத்திருக்கு. ஒரு கையில் வெடிப்பு உண்மை. எல்லாருக்கும் நன்றி, பிறகு எழுதுகிறேன்.

கோண்டாவில் ஒட்டுவேலை
தம்பி, ஒரு கையில் வெடிப்பு என்றால் எட்டையும் பாருங்கோ. எல்லாம் ஒரே ஆள், ஒரே கம்பியால் ஒட்டியவை. மேல் பெயரிங் வளையம் போட்டீர்களா?

கொக்குவில் லேத்
ஆளை ஏற்ற முதல் மணல் மூட்டை கட்டி ஓட்டுங்கோ. ஆளின் எடையைவிட ஒன்றரை மடங்கு. முதலில் எட்டுக் கதிரையிலும், பிறகு ஒரு பக்கம் மட்டும் கட்டி. ஓடி முடிந்ததும் திரும்ப மண்ணெண்ணெய் பூசிப் பாருங்கோ. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, அங்கே யாரையாவது கேட்டு நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கோ. நாங்கள் எல்லாரும் போனில் படமே பார்க்காமல் சொல்கிறோம்.

பழைய வரைபடம்
இரண்டு கிழமை ஆகிவிட்டது. மூட்டைச் சோதனையின் முடிவையும், இப்போது எத்தனை சுற்று, எத்தனை பாகை என்பதையும் எழுதுங்கள்.

மூன்று பேஸ்
எட்டுக் கதிரையிலும் வேறுவேறு எடையில் மூட்டை கட்டி ஒரு படம் எடுத்துப் போடுங்கோ தம்பி. அந்தக் கோணம் எனக்குப் பார்க்க வேணும்.