இதய மருந்து எடுப்பவர்கள் சத்து மாத்திரையை அடியோடு நிறுத்த வேண்டுமா?

ஆதிரை:
இதய மருந்து சாப்பிடுகிறவர்கள் மூலிகை கேப்சூல், சத்து மாத்திரை எதையும் தொடக்கூடாது என்பதே என் கட்சி. சிவப்பு ஈஸ்ட் அரிசியைப் பாருங்கள். "இயற்கையாகக் கொழுப்பைக் குறைக்கும்" என்று விற்கிறார்கள். அதிலுள்ள மொனாக்கோலின் கே வேறெதுவும் இல்லை, கொழுப்பைக் குறைக்கும் 'ஸ்டாட்டின்' வகை மருந்தான லோவாஸ்டாட்டின்தான். ஏற்கெனவே அதே வகையைச் சேர்ந்த அட்டோர்வாஸ்டாட்டின் எடுப்பவர் இதையும் விழுங்கினால் உடம்பில் இரண்டு ஸ்டாட்டின். தசைவலியில் தொடங்கும், தசை சிதைந்து சிறுநீர் கறுத்தால் சிறுநீரகமே அடிபடும். டப்பாவில் மொனாக்கோலின் எவ்வளவு என்று பெரும்பாலும் போட்டிருக்காது. அளவு தெரியாத மருந்தை எந்த டாக்டர் கணக்கில் எடுப்பார்?

பூங்குன்றன்:
ஈஸ்ட் அரிசி விஷயத்துல நானும் உங்க பக்கம்தான். ஆனா "எல்லாத்தையும் நிறுத்து"ன்னு பொத்தாம்பொதுவா சொன்னா, நிறுத்துறதுலயே ஆபத்து வரும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கிறவர் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையையும் மாசக்கணக்கா சாப்பிடுறார்னு வைங்க. அது கல்லீரல் என்சைமைத் தூண்டிவிட்டு வார்ஃபரினைச் சீக்கிரம் உடைச்சிடும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் அளவு இறங்கும், டாக்டர் டோஸை ஏத்தியிருப்பார். இப்ப உங்க பேச்சைக் கேட்டு மூலிகையை மட்டும் விட்டா, சுமார் 2 வாரத்துல அந்தத் தூண்டுதல் அடங்கிடும். ஏத்தின டோஸ் மட்டும் அப்படியே நிக்கும். 2-லேர்ந்து 3-க்குள்ள இருக்க வேண்டிய ஐஎன்ஆர் எகிறும். ஈறுல ரத்தம், மலம் கறுப்பா போறதுன்னு ஆரம்பிக்கும். நிறுத்தணும், சரி. டாக்டருக்குச் சொல்லி, ஒரு வாரத்துக்குள்ள ஒரு ஐஎன்ஆர், அப்புறம் நிலைக்கு வர்ற வரைக்கும் அடிக்கடி பார்த்துக்கிட்டே நிறுத்தணும்.

ஆதிரை:
வார்ஃபரினுக்காவது ஐஎன்ஆர் காட்டிக்கொடுக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மற்ற மருந்துகளான அபிக்சபான், ரிவரோக்சபான் எடுப்பவருக்கு அப்படி வழக்கமான பரிசோதனையே கிடையாதே? அதே மூலிகை அவற்றின் அளவையும் ரத்தத்தில் குறைக்கும். வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது. ரத்தக்கட்டி மூளைக்குப் போன பிறகுதான் தெரியவரும். அதனால்தான் தொடங்கவே வேண்டாம் என்கிறேன்.

பூங்குன்றன்:
அந்த மூலிகைக்கு அது நியாயம், மறுக்கல. ஆனா ஒண்ணை வெச்சு எல்லாத்தையும் எடைபோடாதீங்க. மல்டிவைட்டமின்ல கொஞ்சம் வைட்டமின் கே இருக்கும். வார்ஃபரின்காரர் அதைத் தினமும் ஒரே மாதிரி எடுத்தா, டோஸை அதுக்கேத்த மாதிரி அமைச்சுக்கலாம். ஒரு வாரம் சாப்பிட்டு, டப்பா தீர்ந்ததும் ரெண்டு வாரம் விட்டு, மறுபடி தொடங்கினாத்தான் ஐஎன்ஆர் ஊஞ்சலாடும்.

நச்செள்ளை:
மருந்துக்கும் சத்து மாத்திரைக்கும் இடையில் 2 மணி நேரம் விட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதை யாராவது தெளிவாகச் சொல்லுங்களேன்.

பூங்குன்றன்:
குடல்ல ஒட்டிக்கிற விஷயத்துக்கு மட்டும்தான் இடைவெளி உதவும். வயித்து அமிலத்தைக் குறைக்கிற அலுமினியம்-மெக்னீசியம் ஆன்டாசிட்டை ரோசுவாஸ்டாட்டினோட சேர்த்து விழுங்கினா ரத்தத்துல சேர்ற மருந்து பாதியாயிடும். மாத்திரையை முதல்ல போட்டு, 2 மணி நேரம் கழிச்சு ஆன்டாசிட் எடுத்தா பிரச்சினை குறையும். ஆனா என்சைமைத் தூண்டுற மூலிகைக்கு, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு பிரிச்சாலும் ஒரு பிரயோஜனமும் இல்ல.

ஆதிரை:
பொட்டாசியத்துக்கும் இடைவெளி உதவாது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் எல்லாமே பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கி வைப்பவை. இவற்றோடு "சோடியம் குறைந்த உப்பு" சேர்கிறது. அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. அந்தக் குளோரைடு 1 கிராமில் பொட்டாசியம் மட்டும் சுமார் 520 மில்லிகிராம். அதை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சிறுநீரகம் மந்தமாக இருப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 5.5 மில்லிமோலைத் தாண்டி ஏறினால், முன்னறிவிப்பே இல்லாமல் இதயத்துடிப்பு தடுமாறலாம். எதையும் தொடாதே என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். பாதிப் பேர் உப்பு டப்பாவைப் பற்றி டாக்டரிடம் பேசவே மாட்டார்கள்.

பூங்குன்றன்:
ஏன் பேச மாட்டாங்க? எதைச் சொன்னாலும் "நிறுத்து"ன்னு திட்டு விழும்னு தெரிஞ்சா, சாப்பிடுறதை மறைக்கத்தான் செய்வாங்க. மறைச்சா இன்னும் மோசம். முடி கொட்டுறதுக்குன்னு விக்கிற பயோட்டின் 5, 10 மில்லிகிராம்ல வருது. ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம்தான். அது எந்த இதய மருந்தையும் கெடுக்கல. ஆனா மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் பரிசோதனை சிலதுல, உண்மையான அளவை விடக் குறைச்சுக் காட்ட வெச்சிடும். 2017-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிச்சது. நெஞ்சுவலியோட அவசரப் பிரிவுக்கு வர்றவர் அதைச் சொல்லலைன்னா, மாரடைப்பு இருந்தும் இல்லைன்னு ரிப்போர்ட் வரலாம்.

ஆதிரை:
மறைப்பார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீன் எண்ணெயை மட்டும் இதில் சேர்த்து நியாயப்படுத்தாதீர்கள். 2018-ல் வெளியான ரெட்யூஸ்-இட் ஆய்வில் மீன் எண்ணெயிலிருந்து எடுக்கும் ஐகோசாபென்ட் எத்தில் மருந்தைத் தினமும் 4 கிராம் கொடுத்தபோது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான இதயத்துடிப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 3.1%. மற்ற குழுவில் 2.1%.

பூங்குன்றன்:
அதே ஆய்வுல மாரடைப்பு, ஸ்ட்ரோக் மாதிரி முக்கியப் பாதிப்புகள் 25% குறைஞ்சதையும் சொல்லணும் இல்லையா? அது டாக்டர் எழுதிக் கொடுக்கிற சுத்திகரிச்ச மருந்து, கடைல வாங்குற 1 கிராம் கேப்சூல் இல்ல. ஏற்கெனவே துடிப்பு தாறுமாறா இருக்கிறவர் வேண்டாம்னு ஒதுக்கலாம். ரத்தத்துல டிரைகிளிசரைடுங்கிற கொழுப்பு ஏறின, துடிப்பு சீரா இருக்கிற ஒருத்தர்கிட்ட டாக்டர் எழுதினதை நிறுத்துன்னு சொல்ல நமக்கு ஆதாரம் இல்ல.