பிளவு வீனஸ் சோதனையில் எதிர்க் கட்டுப்பாடும் ஒளிர்கிறது

இரண்டு படியெடுப்புக் காரணிகள் (மரபணு இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதங்கள்) ஒன்றோடொன்று பிணைகின்றனவா என்று நிக்கோட்டியானா பெந்தாமியானா என்ற புகையிலை இனச் செடியின் இலையில் பிளவு வீனஸ் முறையால் சோதிக்கிறேன்: வீனஸ் என்ற ஒளிரும் புரதத்தின் இரு துண்டுகளை ஆளுக்கொன்றாக அவற்றோடு ஒட்டினால், அவை பிணையும்போது துண்டுகள் சேர்ந்து ஒளிரும். மூன்று வாரமாக ஒரே தொல்லை: பிணைப்புப் பகுதியை வெட்டி நீக்கிய, ஒளிரக் கூடாத எதிர்க் கட்டுப்பாட்டுப் புரதமும் உட்கருவில் ஒளிர்கிறது.

வீனஸ் 154, 155ஆம் அமினோ அமிலங்களுக்கு இடையே பிளக்கப்பட்டது. மரபணுவை இயக்க வலுவான 35எஸ் ஊக்கி, அதை இலைக்குள் கொண்டுசெல்ல ஜிவி3101 வகை அக்ரோபாக்டீரியம், செலுத்தி 48 மணி நேரத்தில் பார்வை. பாக்டீரியக் கரைசலின் அடர்த்தியை 0.5இலிருந்து 0.1ஆகக் குறைத்தேன், ஒளி மங்கியது, மறையவில்லை. செலுத்திய மரபணுவைச் செடி அடக்காமல் தடுக்கும் பி19 புரதத்தைச் சேர்ப்பதையும் நிறுத்தினேன். 36 மணி நேரத்திலும் அதே கதை. எதுவும் செலுத்தாத இலை இருட்டாகவே இருக்கிறது. ஆகவே இது பச்சையத்தின் தன்னொளிர்வு அல்ல. துண்டுகள் ஒருமுறை சேர்ந்தால் எளிதில் பிரிவதில்லை என்பதால், தற்செயலான சேர்க்கையும் நிலைத்துவிடுகிறது என்றே அஞ்சுகிறேன். இந்தக் கட்டுப்பாடு சரியாகாமல் உண்மையான இணையின் ஒளியை நான் எப்படி நம்புவது?

வீனஸின் முன் துண்டில் தற்செயல் சேர்க்கையைக் குறைக்கும் ஐ152எல் திடீர்மாற்றத்தைப் புகுத்துவதா, 35எஸ்ஸுக்குப் பதில் வலுக்குறைந்த ஊக்கிக்கு மாறுவதா: செய்து பார்த்தவர்கள் எதை முதலில் செய்யச் சொல்வீர்கள்?