பிளஸ் டூவில் கோட்டை விட்டு, பிறகு கல்லூரியில் பிடித்தவர்கள்: அனுபவப் பகிர்வு

சிவில்காரன்:

பிளஸ் டூ ரிசல்ட் வந்திருக்கிறது. தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் கணக்கில் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அதிலிருந்து எனக்கு 2009 மே மாதம்தான் நினைவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வருஷம் நானும் கணக்கில் போனேன். 200-க்கு 52. தேர்ச்சி பெற 70 வேண்டும்.

எங்களுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். அப்பாவுக்குத் தறி வேலை. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்து 500-க்கு 391 எடுத்திருந்தேன். அந்த மார்க்கை நம்பி, கடன் வாங்கி, வேறொரு பள்ளியில் ஆங்கில வழியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். சேர்ந்த முதல் வாரமே கையில் பிளஸ் டூ புத்தகம். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு 2018 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு முன்னால் பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிப் போவதுதான் வழக்கம். நுண்கணிதம் (கால்குலஸ்) பிளஸ் ஒன் புத்தகத்தில்தான் தொடங்குகிறது என்பதே எனக்கு அப்போது தெரியாது.

காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு என்னைப் போல இருபது பேரைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். "இரண்டாம் தொகுதி பக்கமே போகாதீங்க. அணிகள், வெக்டர், கலப்பெண், புத்தகத்துக்குப் பின்னாடி இருக்கிற ஒரு மார்க். இது போதும், பாஸ்" என்றார்கள். வெக்டர் கணக்குகளைச் செய்யுள் மாதிரி ஒப்பித்தோம். தேர்வில் பத்து மார்க் கணக்கு ஒன்று, நான் ஒப்பித்ததேதான் வந்திருந்தது. மூன்று வரி எழுதினேன். நான்காவது வரி வரவில்லை. ஏன் மூன்றாவது வரிக்குப் பிறகு அந்த நான்காவது வரி வருகிறது என்று தெரிந்திருந்தால் நானே எழுதியிருப்பேன். தெரியாது. பேனாவை மூடிவிட்டேன்.

ஜூனில் உடனடித் தேர்வு எழுதி 74 எடுத்தேன். மொத்தம் 1200-க்கு 618. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் என் முகத்தைப் பார்க்காமல் தறிக்குப் போய் வந்தார். மாமாதான் பாலிடெக்னிக் விண்ணப்பத்தை வாங்கி வந்தார். பிளஸ் டூ முடித்தவர்களை டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்வார்கள். சிவில் கிடைத்தது. விரும்பி எடுத்தது இல்லை, அதில்தான் இடம் இருந்தது.

அங்கே 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' (பொருள்களின் வலிமை) பாடம் எடுத்த சாரைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஒரு நாள் போர்டில் பீம் (உத்தரம்) ஒன்று வரைந்தார். ஆறு மீட்டர் நீளம், இரண்டு முனையிலும் தாங்கி, மேலே மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் வீதம் சீரான பளு. மொத்தம் 60. ஆளுக்குப் பாதி: இந்த முனைக்கு 30, அந்த முனைக்கு 30. கீழே வெட்டுவிசைப் படம் போட்டார், பீமை ஒவ்வொரு இடத்திலும் அறுக்கப் பார்க்கிற விசையைக் காட்டுகிற படம். இடது முனையில் 30-இல் தொடங்கும் கோடு, சாய்ந்துகொண்டே வந்து நடுவில் பூஜ்யத்தைத் தொட்டது. அந்த முக்கோணத்தைச் சாக்பீஸைப் படுக்கப் போட்டுத் தேய்த்து நிரப்பினார். "இதுக்குப் பரப்பு என்ன?" அரை பெருக்கல் 3 பெருக்கல் 30, விடை 45. "இப்ப ஃபார்முலாவைப் போடுங்க." மீட்டருக்கான பளு பெருக்கல் நீளத்தின் வர்க்கம், வகுத்தல் எட்டு. 10 பெருக்கல் 36, அதை எட்டால் வகுத்தால் அதே 45. நடுவில் பீம் தாங்க வேண்டிய வளைவுத் திருப்புத்திறன், அதாவது பளு அதை எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்பதன் அளவு, அதுதான்.

"இந்தப் பரப்பைக் கண்டுபிடிக்கிறதுக்குப் பேருதான் இன்டக்ரேஷன். பிளஸ் டூவில பார்த்துட்டுத்தான வந்திருப்பீங்க" என்றார். நான் பார்த்திருக்கவில்லை. அந்த அத்தியாயத்தின் பக்கங்கள் என் புத்தகத்தில் மடிப்புக்கூட விழாமல் இருந்தன.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய்ச் சொன்னேன். ஸ்டாஃப் ரூமுக்குக் கூட்டிப் போய், ஒரு தாளைக் கொடுத்து, கேள்வி கேட்டுக்கொண்டே பின்னால் போனார். வகையிடல் கேட்டார், தெரியவில்லை. இயற்கணிதத்தில் ஒரு காரணிப்படுத்தல் கேட்டார், பாதி வந்தது. கடைசியில் 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டச் சொன்னார். 2/7 என்று எழுதினேன். பத்தாவதில் கணக்கில் 78 எடுத்தவன்தான் நான். மனப்பாடத்தில் அதுவும் நடக்கும்.

சார் சிரிக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஆறாம் கிளாஸ் கணக்குப் புத்தகம் பக்கத்து வீட்ல கிடைக்குமா தம்பி? அங்கதான் விட்டிருக்கீங்க. அங்க போய் எடுத்துட்டு வந்துருங்க" என்றார்.

கீழே போட்ட குடையைப் போய் எடுத்துவரச் சொல்வது மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். என் பத்தொன்பது வயது வரை ஒருவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. 'நல்லாப் படி' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எங்கிருந்து படிக்க வேண்டும் என்று அவர் ஒருவர்தான் சொன்னார்.

ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் முடிக்க நான்கு மாதம் ஆனது. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் ஆறரை வரை தெருவில் தறிச் சத்தம் இருக்காது. பஸ்ஸில் படிக்கக் கூச்சமாக இருந்ததால் சர்வே புத்தகத்தின் அட்டையை மேலே போட்டுக்கொண்டேன். அப்புறம் ஒன்பது, பத்து. கடைசியாக, தாண்டிக் குதித்த அந்த பிளஸ் ஒன் புத்தகம். மொத்தம் ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. வாரம் ஒரு நாள் சாரிடம் நோட்டைக் காட்ட வேண்டும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2011-இல் டிப்ளமோ 86 சதவீதம். காரைக்குடியில் லேட்டரல் என்ட்ரி கவுன்சிலிங். ஓர் அரசுக் கல்லூரியில் பி.இ. இரண்டாம் வருஷம் கிடைத்தது. டிப்ளமோவிலிருந்து போகிறவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு முதல் வருஷம் கிடையாது, ஆகவே அந்த வருஷத்துக் கணக்குப் பாடங்களான எம்-1, எம்-2 இரண்டும் கிடையாது. போன உடனே எம்-3. ஃபூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் நேராக வந்து நிற்கும். எனக்கு அதில் அரியர் விழுந்தது. ஆனால் இந்தத் தடவை எங்கே போய் எடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஜூனியர் பையனிடம் எம்-1 புத்தகத்தை வாங்கினேன். அடுத்த செமஸ்டரில் முடித்தேன். 2015-இல் எம்.டெக். சேர எழுதுகிற கேட் தேர்வு. அதில் பல கேள்விகளுக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வேலையே இல்லை, எண்ணைக் கணக்கிட்டு எழுத வேண்டும். ஒப்பித்தவனுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. திருச்சி என்.ஐ.டி.யில் எம்.டெக். கிடைத்தது. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. முதல் மாதம் 5,000 ரூபாயை அப்பாவுக்கு அனுப்பினேன். இப்போது பாலங்களுக்கு டிசைன் போடுகிற வேலையில் இருக்கிறேன்.

நான் தவறியபோது எல்லோரும் ராமானுஜனைச் சொல்லித்தான் தேற்றினார்கள். அவர் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் பரிசு வாங்கிய மாணவர். தவறியது அதற்குப் பின், கல்லூரியில் எழுதிய எஃப்.ஏ. தேர்வில், அதுவும் கணக்கைத் தவிர மற்றதைத் தொடாததால். அந்தக் கதை எனக்கு உதவவில்லை. 2/7 என்று எழுதிவிட்டுப் பிறகு மேலே வந்த ஒருவரின் கதை அன்று கிடைத்திருந்தால் உதவியிருக்கும். அதனால்தான் கேட்கிறேன். உங்களுக்கு எங்கே விட்டது, எப்படிப் பிடித்தீர்கள்? எழுதுங்கள்.

வடமராட்சிப் பெண்:

உங்கள் சாரை வாசிக்கக் கண் கலங்கிவிட்டது. ஆனால் என் கதை வேறு மாதிரி. எனக்கு அத்திவாரத்தில் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை. சோதனை வைக்கிற முறையில்தான் நான் தவறினேன்.

இலங்கையில் உயர்தரம் (உங்கள் பிளஸ் டூ மாதிரி), உயிரியல் பிரிவு. 2011, 2012, 2013 என்று மூன்று தரமும் எடுத்தேன். அதற்கு மேல் எடுத்தாலும் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மூன்றாம் தரம் மூன்று பாடமும் எஸ், அதாவது வெறும் சாதாரண சித்தி. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை, வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் இல்லை. இரண்டு வருடப் பாடம் முழுவதையும் ஒரே மாதத்தில் கொட்ட வேண்டும். எனக்குச் சோதனை மண்டபத்தில் கை விறைக்கும். அக்காமார் எல்லாம் கம்பஸ் போன வீட்டில் அம்மம்மாவைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை என்று என்னை ஒதுக்கிவிட்டார்கள்.

மூன்று எஸ் இருந்தாலும் திறந்த பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி.க்குப் பதியலாம் என்று தபாற்கந்தோரில் வேலை செய்த ஓர் அண்ணா சொன்னார். யாழ்ப்பாணப் பிராந்திய நிலையத்தில் பதிந்தேன். அங்கே பாடம் பாடமாகப் பதியலாம். நான் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டு, வருடத்துக்கு எவ்வளவு ஏலுமோ அவ்வளவுதான் எடுத்தேன். வருடம் முழுக்க ஒப்படைகளும் சிறு சோதனைகளும் இருக்கும். அவற்றில் போதிய புள்ளி இருந்தால்தான் இறுதிச் சோதனைக்கே விடுவார்கள். பலர் அதைக் கரைச்சல் என்பார்கள். என்னைக் காப்பாற்றியது அதுதான். இறுதிச் சோதனைக்குப் போகும்போது இந்தப் பாடம் எனக்குத் தெரியும் என்பதற்கு ஏற்கெனவே கையில் அத்தாட்சி இருக்கும். கை விறைப்பது இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டது.

ஆங்கிலம்தான் கஷ்டம். செய்முறைக்காகக் கொழும்புக்கு இராப் பஸ்ஸில் போய், விடியக் கோட்டையில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு, பல்கலைக்கழகம் இருக்கிற நாவலவுக்குப் போவேன். முதல் தரம் நுணுக்குக்காட்டியில் வெங்காயத் தோலின் கலங்களைப் பார்த்தது அங்கேதான். மூன்று தரம் உயர்தரம் எடுத்தவள் நான். அதுவரை அதைப் படமாகக் கீறியிருந்தேனே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. மூன்று வருடப் பட்டம் எனக்கு ஐந்தரை வருடம் எடுத்தது. பிறகு பேராதனையில் பட்டப்பின் படிப்பு. இப்போது நீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் இருக்கிறேன்.

கலைக்கல்லூரி ஆசிரியை:

இருவருக்கும் வணக்கம். நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவள். ஒரே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

அரசு கலைக்கல்லூரியில் பி.ஏ. வரலாறு. கடைசிச் சுற்றில் வந்து சேர்ந்தாள். பிளஸ் டூவில் 600-க்கு 268. முதல் இரண்டு மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் போர்டில் தென்னிந்திய வரைபடம் போட்டு, எல்லோரையும் வரையச் சொல்லி இடையே நடந்து வந்தேன். அவள் போர்டைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவளின் நோட்டைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் காவிரியைத் தப்பாகத் திருப்பியிருந்தாள். இவளும் அப்படியே திருப்பியிருந்தாள். கடைசி பெஞ்சிலிருந்து எழுப்பி முதல் பெஞ்சில் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, எழுத்துக் கூட்டினாள்.

அரசு மருத்துவமனையில் பார்த்தோம். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, மைனஸ் மூன்றரைக்கு மேல். அவளுக்கு எழுத்து மங்கலாகத் தெரிவதுதான் இயல்பு, எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பன்னிரண்டு வருஷம் நினைத்திருக்கிறாள். வீட்டில் கேட்க ஆளில்லை. பள்ளியில் 'மக்கு' என்றார்களாம். கண்ணாடி போட்ட அன்று வகுப்புக்கு வந்து, ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இலை தனித்தனியாத் தெரியுது மேடம்" என்றாள்.

எம்.ஏ. முடித்துவிட்டாள். படிக்காத பிள்ளை என்று ஒருவரைச் சொல்வதற்கு முன்னால் நான் இப்போது கண், காது, சாப்பாடு மூன்றையும் விசாரிக்கிறேன். காலையில் சாப்பிடாமல் பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு பதறும்.

ஓர் அம்மா:

எல்லாவற்றையும் படித்தேன். என் மகனுக்கு இந்த வருஷம் கணக்கும் இயற்பியலும் போய்விட்டன. மூன்று நாளாக அறையை விட்டு வரவில்லை. சாப்பாட்டை வாசலில் வைக்கிறேன், பாதி எடுத்துக்கொள்கிறான். அவன் அப்பா கோபத்தில் இருக்கிறார். இப்போது என்ன செய்ய வேண்டும் என்றே தெரியவில்லை தம்பி.

சிவில்காரன்:

அக்கா, முதலில் அவன் சாப்பிடுகிறான், அது நல்லது. ராத்திரி அவன் தனியாகத் தூங்க வேண்டாம். நீங்களோ அவன் அப்பாவோ அதே அறையில் படுத்துக்கொள்ளுங்கள், படிப்புப் பேச்சே எடுக்காமல். செத்துப்போகலாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அரசின் 104 மருத்துவ உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தேர்வு முடிவு நேரத்தில் பிள்ளைகளிடம் பேசுவதற்கென்றே அங்கே ஆள் இருக்கிறார்கள்.

துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க நாள் குறைவாகத்தான் கொடுப்பார்கள், அவன் படித்த பள்ளியிலேயே விசாரியுங்கள். அவன் வர வேண்டியதில்லை, நீங்கள் போனால் போதும். விடைத்தாள் நகலுக்கும் அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மறுமதிப்பீடு கேட்பதென்றால் நகல் வாங்கியிருக்க வேண்டும். துணைத் தேர்வில் வந்துவிட்டால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் வருஷம் இருக்கிறது. ஒருவேளை வராவிட்டாலும் முதல் வருஷத்தில் சேரப் பத்தாவது மார்க் போதும். அவன் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கதவு மூடிவிட்டது என்று நினைப்பதால்தான் பாதிக் கோபம் வருகிறது.

கணக்கு விடைத்தாள் நகல் கையில் வந்ததும், அவனுக்குச் சம்மதம் என்றால், எனக்கு அனுப்பிவையுங்கள். மார்க்கைப் பார்ப்பதற்காகக் கேட்கவில்லை. எந்த வரியில் போய் நின்றிருக்கிறான் என்று அவனும் நானும் சேர்ந்து பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன்.