வீட்டு வைஃபைல தெரியாத போனெல்லாம் கனெக்ட் ஆகியிருக்கு, எப்படி தடுக்கிறது?

திருநகர்வாசி:
வணக்கம் நண்பர்களே. மதுரை திருநகர்ல மாடி வீட்டுல வாடகைக்கு இருக்கோம். கீழ ஹவுஸ் ஓனர் குடும்பம், பக்கத்து போர்ஷன்ல காலேஜ் பசங்க ரூம் எடுத்து தங்கியிருக்காங்க. எங்களுக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் கனெக்ஷன். பகல்ல ஒழுங்கா ஓடுது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஆபிஸ் மீட்டிங்ல என் குரல் விட்டு விட்டு கேக்குதுன்னு சொல்றாங்க, பையனோட டியூஷன் வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது. ரவுட்டர் பேஜுக்குள்ள போய் பாத்தா பதினாலு டிவைஸ் காட்டுது. எங்க வீட்டுல மூணு போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி, அவ்வளவுதான். மிச்சம் யாருதுன்னே தெரியல, சிலதுக்கு பேர் இருக்கு, பலதுக்கு வெறும் நம்பரும் எழுத்தும்தான்.

லைன் போட வந்த தம்பி என் மொபைல் நம்பரையே பாஸ்வேர்டா போட்டுக் கொடுத்துட்டுப் போனாரு. யூடியூப்ல ஒருத்தர் வைஃபை பேரை மறைச்சு வைங்கறாரு, இன்னொருத்தர் மேக் ஃபில்டர் (நாம குறிச்சு வச்ச டிவைஸை மட்டும் உள்ள விடுறது) போடுங்கறாரு, வேற ஒருத்தர் ரவுட்டரையே மாத்துங்கறாரு. எது உண்மையிலயே வேலைக்கு ஆகும்? இன்னொண்ணு, ஹவுஸ் ஓனர் அம்மா பேரப்பிள்ளைங்க லீவுக்கு வந்தா நெட் கேப்பாங்க, நல்ல மனுஷங்க, அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு மனசு வராது. அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

ஃபைபர்தம்பி:
அண்ணா, நான் இந்த லைன் போடுற வேலையிலதான் இருக்கேன். முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம். மொபைல் நம்பரை ஏன் வைக்கிறாங்கன்னா கஸ்டமர் மறக்க மாட்டாரு, மறந்துட்டேன்னு திரும்ப போன் வராது, அதான் காரணம். ஆனா உங்க நம்பர் ஹவுஸ் ஓனர்கிட்ட இருக்கு, பால்காரர்கிட்ட இருக்கு, பக்கத்து ரூம் பசங்ககிட்டயும் கண்டிப்பா இருக்கும். நம்ம ஊர்ல வைஃபைன்னா வீட்டுக்காரர் நம்பரைப் போட்டுப் பாப்போம்னுதான் எல்லாரும் முதல்ல ட்ரை பண்ணுவாங்க, இதுக்கு ஹேக்கிங் எதுவும் தேவையே இல்ல.

அதோட ஆண்ட்ராய்டு 10-ல இருந்து வைஃபை செட்டிங்ஸ்ல ஷேர்னு அமுக்கினா க்யூஆர் கோடு வரும், நிறைய போன்ல அதுக்குக் கீழயே பாஸ்வேர்டு எழுத்தாவும் தெரியும். பேரப்பையன் போன்ல ஒரு தடவை போட்டுக் கொடுத்திருந்தா அவன் இன்னொருத்தனுக்கு காட்டியிருப்பான், அவன் ரூமுக்கே காட்டியிருப்பான். பதினாலு வந்தது இப்படித்தான் இருக்கும்.

பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சு உள்ள போங்க (சில பாக்ஸ்ல அட்ரஸ் வேற, அடியில ஸ்டிக்கர்ல இருக்கும்). வயர்லெஸ் செக்யூரிட்டில புது பாஸ்வேர்டு போடுங்க. எட்டு எழுத்துல இருந்து 63 எழுத்து வரைக்கும் போடலாம், அதனால நீளமா வைங்க. சம்பந்தமே இல்லாத நாலஞ்சு வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல சேர்த்து அடிங்க, புளியமரம் சைக்கிள் தூத்துக்குடி கொடை அப்படிங்கற மாதிரி, இதையே வைக்காதீங்க, நீங்களா யோசிச்சு வேற போடுங்க. ஒவ்வொரு பேண்டுக்கும் (வைஃபை ஓடுற அலைவரிசை, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு இருக்கும்) தனியா பேர் இருந்தா ரெண்டுலயும் மாத்தணும், பல பேர் ஒண்ணை மட்டும் மாத்திட்டு இன்னொண்ணை விட்டுடறாங்க.

அங்கயே டபிள்யூபிஎஸ்னு ஒண்ணு இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. எட்டு இலக்க பின் நம்பர் போட்டா பாஸ்வேர்டு இல்லாமலே உள்ள விடுற வசதி அது. எட்டு இலக்கம்னா பத்து கோடி காம்பினேஷன்னு நினைப்போம், ஆனா கடைசி இலக்கம் மத்ததுல இருந்து கணக்கு போட்டு வர்றது, மீதியையும் ரவுட்டர் முதல் நாலு சரியா, அடுத்த மூணு சரியான்னு தனித்தனியா சொல்லிடும். அப்ப 10,000 கூட்டல் 1,000, மொத்தமே 11,000 தான். 2011 கடைசியிலேயே இது வெளிய வந்திருச்சு. புது ரவுட்டருங்க சில தடவை தப்பா போட்டா லாக் ஆகும், ஆனா பழைய பாக்ஸை நம்ப முடியாது.

ராத்திரிஷிஃப்ட்:
தம்பி சொன்னது சரி. நான் நெட்வொர்க் செக்யூரிட்டி பக்கம் வேலை பாக்குறேன், மொபைல் நம்பர் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா நம்ம தெருவுல பாதி வீடு இப்படித்தான் இருக்கு. உங்க நம்பரே தெரியாத ஒருத்தன்கூட உடைக்கலாம். டபிள்யூபிஏ2-ல (பல வீட்டு வைஃபைல இருக்கற பூட்டு முறை) ஒரு போன் கனெக்ட் ஆகும்போது ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவுல நாலு பாக்கெட் (சின்ன தகவல் துண்டு) போகும், பக்கத்துல லேப்டாப் வச்சிருக்கறவன் அதைப் பிடிச்சுட்டா போதும், அப்புறம் வீட்டுக்குப் போய் நிதானமா ஒவ்வொரு பாஸ்வேர்டா போட்டுப் பாக்கலாம், ரவுட்டருக்கு ஒண்ணுமே தெரியாது. நம்ம ஊர் மொபைல் நம்பர் 6, 7, 8, 9-ல ஆரம்பிக்கும், பத்து இலக்கம், ஆக மொத்தம் 400 கோடி. கேக்க பெருசா இருக்கு, ஆனா இப்ப வர்ற பெரிய கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணே செகண்டுக்கு பத்து லட்சத்துக்கு மேல போட்டுப் பாக்கும். ஒன்றேகால் மணி நேரத்துக்குள்ள 400 கோடியும் முடிஞ்சுது. நாலஞ்சு வார்த்தை சேர்த்த நீளமான பாஸ்வேர்டுன்னா அந்தக் கார்டை வருஷக்கணக்கா ஓட்டினாலும் கிடைக்காது.

செட்டிங்ல டபிள்யூபிஏ3 இருந்தா அதைப் போடுங்க, அடுத்த தலைமுறை பூட்டு, 2018-ல வந்தது, இப்படி பாக்கெட்டைப் பிடிச்சு வீட்டுல வச்சு உடைக்கிற வேலை அதுல நடக்காது. பழைய டிவி, பிரிண்டர் அதுல கனெக்ட் ஆகாது, அப்ப டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் போதும். டபிள்யூஇபின்னு ஒரு பழைய பூட்டு ஆப்ஷன் தெரிஞ்சா அதைத் தொடவே தொடாதீங்க, அது 2001-லயே உடைஞ்சு போனது.

பேரை மறைக்கிறது, மேக் ஃபில்டர் ரெண்டும் வேண்டாம். பேரை மறைச்சா உங்க போனே போற இடமெல்லாம் அந்தப் பேரைச் சொல்லி கூப்பிட்டுக்கிட்டே போகும், தேடத் தெரிஞ்சவனுக்கு நிமிஷத்துல தெரியும். மேக் அட்ரஸ், அதாவது ஒவ்வொரு டிவைஸோட அடையாள நம்பர், காத்துல பூட்டு இல்லாம போறது, அதைக் காப்பி அடிச்சு தன் லேப்டாப்ல போட்டுக்கறது சுலபம்.

மாடித்தோட்டம்:
நான் மேக் ஃபில்டர் போட்டிருக்கேனே, ரொம்ப நாளா நல்லாத்தான் இருக்கு. பக்கத்து வீட்டுப் பசங்க யாரும் வரல. எதுக்கு வேண்டாம்னு சொல்றீங்க?

ராத்திரிஷிஃப்ட்:
சிஸ்டர், உங்களுக்கு நல்லா இருக்குன்னா பாஸ்வேர்டு நல்லா இருக்கும். நான் வேண்டாம்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14-க்கு அப்புறம் போனெல்லாம் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் அட்ரஸை உருவாக்கிக்குது. போனை ரீசெட் பண்ணினா அது மாறிடும், ஃபில்டர்ல உங்க வீட்டு ஆளே வெளிய நிப்பாங்க. இதுலயே திருநகர்வாசி ப்ரோவுக்கும் ஒரு விஷயம் இருக்கு. லிஸ்ட்ல பேரில்லாம இருக்கற அட்ரஸோட ரெண்டாவது எழுத்தைப் பாருங்க. 2, 6, ஏ, ஈ இதுல ஒண்ணா இருந்தா அது போன் தானா உருவாக்கின அட்ரஸ். உங்க வீட்டு போனே பழைய அட்ரஸ்ல ஒரு தடவை, புது அட்ரஸ்ல ஒரு தடவைன்னு லிஸ்ட்ல நிக்கலாம். மிச்ச ஒன்பதும் அடுத்தவங்கதான்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க, யார்கிட்டயும் சண்டைக்கும் போயிடாதீங்க.

கோர்ட்டுப்பக்கம்:
ஸ்பீடு மட்டும் பிரச்சனை இல்லைங்க. 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு கொஞ்ச நிமிஷம் முன்னாடி டிவி சேனல்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் போச்சு. ஐபி அட்ரஸை (எந்த நெட் கனெக்ஷன்னு காட்டுற நம்பர்) வச்சுத் தேடினா நவி மும்பையில ஒரு அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட்டுல வந்து நின்னுச்சு. அவர் வைஃபை பூட்டாம கெடந்தது, எவனோ அதுல நுழைஞ்சு அனுப்பிட்டான். கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போய், அவரை விசாரிச்சு, ஊரெல்லாம் அவர் பேரு. அடுத்தடுத்து வந்த மெயில்களும் மும்பையில வேற வேற இடத்து வைஃபைல இருந்துதான். கனெக்ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்க வீட்டுக் கதவைத்தான் போலீஸ் முதல்ல தட்டும். பக்கத்து ரூம் பையன் விளையாட்டா யாரையாவது பொய் ஐடில திட்டினாலும் அட்ரஸ் உங்களுதுதான்.

அதனால ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு மெயின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீங்க. ரவுட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க் இருந்தா அதை ஆன் பண்ணி அதுக்குன்னு தனி பாஸ்வேர்டு வைங்க, பேரப்பிள்ளைங்க ஊருக்குப் போனதும் ஆஃப் பண்ணிடலாம், அவங்க மனசும் கோணாது.

ஃபைபர்தம்பி:
கெஸ்ட் பத்தி ஒரு சின்ன விஷயம். கம்பெனி கொடுக்கற பாக்ஸ்ல பல நேரம் கெஸ்ட்னு இருக்காது, எஸ்எஸ்ஐடி-2ன்னு இருக்கும், ரெண்டாவது வைஃபை பேர்னு அர்த்தம். அதை ஆன் பண்ணினா மட்டும் போதாது, ஐசொலேஷன்னு இருக்கறதையும் டிக் பண்ணணும், இல்லேன்னா அதுல வர்றவங்க உங்க லேப்டாப்பையும் டிவியையும் பாக்க முடியும். அப்புறம் ரவுட்டர் லாகின் அட்மின்-அட்மின்னு இருந்தா இன்னைக்கே மாத்துங்க, வைஃபைக்குள்ள வந்தவன் அந்தப் பேஜைத் திறந்து நீங்க வச்ச புது பாஸ்வேர்டை உக்காந்த இடத்துலயே படிச்சுடுவான்.

திருநகர்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரியே பாஸ்வேர்டு, லாகின் ரெண்டையும் மாத்தி, டபிள்யூபிஎஸ் ஆஃப் பண்ணிட்டேன். இப்ப லிஸ்ட்ல அஞ்சே அஞ்சுதான், எல்லாம் எங்களுது. காலையில பக்கத்து ரூம் தம்பி ஒருத்தர் அண்ணே நெட் போயிடுச்சான்னு கேட்டாரு, பாஸ்வேர்டு மாத்திட்டேன் தம்பின்னு சொன்னேன், சரிண்ணேன்னு போயிட்டாரு. ஆனா ஒண்ணு, முன்னைக்கு பரவாயில்லைன்னாலும் ஒன்பது மணிக்கு மேல இப்பவும் கொஞ்சம் திணறுது. வேற யாரும் உள்ள இல்லாம ஏன் இப்படி?

ராத்திரிஷிஃப்ட்:
அது ஆள் நுழைஞ்சதால இல்ல ப்ரோ. லேப்டாப்பை லேன் கேபிள்ல ரவுட்டரோட நேரா சேர்த்து அதே நேரத்துல ஸ்பீடு டெஸ்ட் பாருங்க. கேபிள்ல 100 வந்துச்சுன்னா லைன் நல்லா இருக்கு, காத்துலதான் நெரிசல், சுத்தி எல்லா வீட்டு ரவுட்டரும் 2.4-ல ஒரே சேனல்ல கத்திக்கிட்டு இருக்கும். ஆபிஸ் லேப்டாப்பை 5-க்கு மாத்துங்க, டிவிக்கு 2.4 தான் வழின்னா சேனலை ஆட்டோல விடாம 1, 6, 11-ல எது காலியோ அதுல வைங்க. கேபிள்லயும் குறைவா வந்தா ஸ்க்ரீன்ஷாட்டோட கம்பெனிக்கு கம்ப்ளெயின்ட் போடுங்க, ஒன்பது மணி டெஸ்டும் காலை டெஸ்டும் ரெண்டும் சேர்த்து அனுப்புங்க, அப்பதான் ஆள் அனுப்புவாங்க.