மாலை வகுப்பில் சேருகிறவர்கள் பாதியில் நிற்பது ஏன்?

கேள்வி:
ஒரு கல்லூரியில் மாலை நேரப் பட்டப்படிப்பைக் கவனித்துக்கொள்கிறேன். வேலை, குடும்பம் என்று இருக்கும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள்தான் சேருகிறார்கள். முதல் பருவத் தேர்வு வருவதற்குள் பாதி நாற்காலி காலி. பாடம் கடினம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள். விளம்பரத்தைக் கூட்டலாம் என்கிறது நிர்வாகம். படித்தவர்கள், பாதியில் விட்டவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
இரண்டு முறை விட்டுவிட்டு, மூன்றாம் முறை சேர்ந்து 41 வயதில் பட்டம் வாங்கினேன். முதல் முறை விட்டது ஒரே ஒரு அசைன்மென்டால். மகளுக்குக் காய்ச்சல், இரண்டு இரவு தூக்கமில்லை, கடைசி நாள் போய்விட்டது. தாமதமாகத் தரலாமா என்று கேட்கலாமென்றால் அலுவலகத்தை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள். எனக்கு வேலை முடிவதே ஆறுக்கு. பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அடுத்த வாரம் வகுப்புக்குப் போகக் கூச்சம். அதற்கடுத்த வாரம் இன்னும் கூச்சம். அப்புறம் போகவே இல்லை.

மூன்றாவதாகச் சேர்ந்த இடத்தில், தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராதவரை ஆசிரியையே ஃபோனில் அழைப்பார். ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார். "எது விட்டுப்போச்சு, எப்ப உட்காரலாம்?" என்பார். அந்த அழைப்பு வந்த அன்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே வைத்துவிட்டு நோட்டைத் தேடினேன்.

விளம்பரத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் அலுவலகத்தை எட்டு மணி வரை திறந்து வையுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது ஆய்விலும் இருக்கிறது. படிக்க வரும் வயதுவந்தோருக்கு வரும் தடைகளை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பாட்ரீசியா கிராஸ் 1981-ல் மூன்றாகப் பிரித்தார்: வாழ்க்கைச் சூழல், நிறுவனத்தின் நடைமுறை, மனத்தடை. பூட்டிய கதவு இரண்டாவது, கூச்சம் மூன்றாவது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 1971-ல் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கியபோது முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. ஆனால் அசைன்மென்டைத் திருத்திக் குறிப்பெழுத ஒரு பயிற்றுநரைக் கூடவே கொடுத்தார்கள்.

கேட்டவர்:
நன்றி. 120 பேர் இருக்கிறார்கள், இரண்டே ஆசிரியர்கள். எல்லோரையும் அழைக்க முடியுமா?

பதில் 1:
எல்லோரையும் வேண்டாம். முதல் ஆறு வாரத்தில் வராதவர்களை மட்டும் அழையுங்கள், அதுவும் அவர்கள் வேலை முடிந்த நேரத்தில். முந்தைய ஆண்டு முடித்தவர்களையும் கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் பத்துப் பேரை நானே அழைப்பேன்.